ஒருவராவது வாசித்துத் திருத்துங்கள்: ஆயர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் ஒரு திறந்த மடல்

மேதகு ஆயர்களே, அன்பு அருள்தந்தையரே,

இயேசுவுக்கே புகழ்!

நான் ஒரு பொதுநிலையினன்; குருவும் இல்லை, துறவியும் இல்லை. பகலில் பிழைப்புக்கு வேறு வேலை. இரவிலும் ஞாயிறு மதியத்திலும் இந்த வேலை: கத்தோலிக்க விசுவாசத்தைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது, துண்டுப் பிரசுரம் போடுவது, தேடி வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது. ஐந்தாறு பேர் கொண்ட சின்னக் குழு, பன்னிரண்டு வருடமாக ஓடுகிறது. இந்த மடலில் நான் பணமும் கேட்கப்போவதில்லை, மேடையும் கேட்கப்போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பொதுநிலையினர் ஆயருக்குக் கடிதம் எழுதினால் மூன்றாவது பத்தியில் அந்தப் பேச்சு வந்துவிடும் என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். நாங்கள் எழுதுவதை உங்களில் ஒருவர் வாசிக்க வேண்டும். வாசித்து, தப்பு இருந்தால் தப்பு என்று சொல்ல வேண்டும்.

ஆசீர்வாதம் எங்களுக்கு நிறையக் கிடைத்திருக்கிறது. "நல்ல காரியம், விடாம செய்யுங்க" என்று தலையில் கைவைத்த பங்குச் சாமியார்கள் பலர். "இதெல்லாம் எதுக்கு தம்பி, வீண் சண்டை" என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. இந்த இரு தரப்பிலும், எங்கள் பிரசுரம் ஒன்றையாவது கடைசிப் பக்கம் வரை வாசித்தவர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. பாராட்டியவர்கள் அட்டையைப் பார்த்துப் பாராட்டினார்கள், சலித்துக்கொண்டவர்களும் அதே அட்டையைப் பார்த்துத்தான் சலித்துக்கொண்டார்கள்.

வாசிக்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் கதையையே சொல்கிறேன்.

பழைய பிரசுரம் ஒன்றில், "விவிலியம் மட்டும் போதும் என்று பிரிந்துபோனவர்கள் இன்று 33,000 சபைகளாகச் சிதறிக் கிடக்கிறார்கள்" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். எங்கிருந்து எடுத்தேன் என்றால், இன்னொரு கத்தோலிக்கர் எழுதியதிலிருந்து. அவர் வேறொருவரிடமிருந்து எடுத்திருந்தார். கூட்டத்தில் சொன்னால் கைதட்டல் நிச்சயம் விழும் எண் அது. ஒருநாள் பெந்தகோஸ்தே சபையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பிரசுரத்தோடு வந்தார். சண்டைக்கு வரவில்லை. அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார். "அண்ணே, இந்தக் கணக்குல கத்தோலிக்க சபைக்கு எத்தனைன்னு போட்டிருக்காங்க, பாத்தீங்களா?" என்று கேட்டார்.

பார்த்திருக்கவில்லை. அப்புறம் தேடிப் பார்த்தேன். அந்தக் கணக்கு நாடு நாடாக எண்ணிய கணக்கு. ஒரே சபை பத்து நாடுகளில் இருந்தால் பத்து. பிரிந்துபோனவர்கள் என்று நான் எழுதிய கூட்டத்தில் ஆர்த்தடாக்ஸ் சபைகளும் அடக்கம். அதே முறைப்படி நம் திருச்சபையே இருநூறுக்கும் மேற்பட்ட சபைகளாக அந்தப் பட்டியலில் நிற்கிறது. "ஒரே, புனித, கத்தோலிக்க" என்று ஞாயிறுதோறும் வாய்விட்டு அறிக்கையிடுகிற நான், என்னையே இருநூறாக வெட்டிய கணக்கைத் தடித்த எழுத்தில் அச்சிட்டு விநியோகித்திருக்கிறேன். அதே பிரசுரத்தின் பின்னட்டையில், "எப்போதும் நற்செய்தியை அறிவியுங்கள், தேவைப்பட்டால் சொற்களையும் பயன்படுத்துங்கள்" என்று அசிசி புனித பிரான்சிஸ் பெயரில் ஒரு மேற்கோள். அவர் எழுத்துகளில் அப்படி ஒரு வரி இல்லை. இதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மூன்று பதிப்பு போன பிரசுரம் அது. கோயில் வாசலில் நீங்கள் வைக்க இடம் கொடுத்த பிரசுரம். தப்பைக் கண்டுபிடித்துச் சொல்ல ஒரு பெந்தகோஸ்தே இளைஞர் வரவேண்டியிருந்தது. பிரிந்த சகோதரர்களின் நிலையை உண்மைக்கும் நியாயத்துக்கும் மாறாகச் சித்திரிக்கும் சொற்களை விட்டுவிட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-லேயே கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏட்டில் சொல்லிவிட்டது. அந்த ஏட்டை நான் வாசித்திருந்தேன், மேற்கோளும் காட்டியிருக்கிறேன். ஆனால் கைதட்டல் வாங்கும் எண் கையில் இருக்கும்போது அது நினைவுக்கு வரவில்லை.

இது புத்தகத் தப்பு, அடுத்த பதிப்பில் நீக்கிவிட்டோம். நீக்க முடியாத தப்பு ஒன்றும் உண்டு.

ஒரு மாலை ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, ஒரு சந்தேகம். ஞானஸ்நானம் வாங்காம இறந்துபோற குழந்தை எங்க போகும்?" எங்களுக்கு வரும் கேள்விகளில் இதுவும் ஒன்று. பதில் தயாராக இருந்தது. அகுஸ்தினார் என்ன சொன்னார், அப்படிப்பட்ட குழந்தைகள் போகும் இடமாக இடைக்கால இறையியலாளர்கள் சொன்ன லிம்போ என்பது எது, அது ஏன் ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்படவில்லை, 2007-ல் பன்னாட்டு இறையியல் ஆணைக்குழு வெளியிட்ட ஏடு என்ன சொல்கிறது என்று வரிசையாக எடுத்துவிட்டேன். பத்துப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும். நடுவில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்ததும், "சரிங்க ஐயா, நன்றி" என்றார். வைத்துவிட்டார்.

வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் குழந்தை அவருடையதா என்று நான் கேட்கவே இல்லை.

இரண்டு நாள் மனசு கேட்காமல், அவர் எண்ணை ஒரு வயதான சாமியாரிடம் கொடுத்தேன். அவர் பேசினார். குழந்தை அவருடையதுதான். பிறந்து ஐந்தாம் நாள். சாமியார் அவரிடம் லிம்போவைப் பற்றி எதுவும் சொல்லவில்லையாம். குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். அப்புறம், திருச்சபை இப்படிப்பட்ட குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது என்று மறைக்கல்வி ஏட்டின் 1261-ஆம் எண் சொல்வதைத் தன் சொற்களில் சொல்லியிருக்கிறார். பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்து அதற்குள் குழந்தை இறந்துவிட்டால், ஆயரின் அனுமதியோடு திருச்சபை முறைப்படி அடக்கச் சடங்கு செய்யலாம் என்று திருச்சபைச் சட்டம் 1183 சொல்வதையும் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அந்தச் சட்டம் எனக்குத் தெரியாது. அகுஸ்தினாரைத் தெரிந்து வைத்திருந்தேன், அந்தத் தாய்க்குத் தேவையான ஒரே ஒரு சட்டம் தெரியவில்லை. அடக்கம் எந்தச் சடங்கும் இல்லாமல் ஏற்கெனவே முடிந்திருந்தது.

உங்கள் எதிர்நோக்குக்கு விளக்கம் சொல்ல எப்போதும் தயாராக இருங்கள் என்று பேதுரு முதல் திருமுகம் மூன்றாம் அதிகாரம் சொல்வதுதான் எங்களைப் போன்றவர்களின் கொடி வசனம். எங்கள் பிரசுரங்களிலும் முதல் பக்கத்தில் அதுதான். பணிவோடும் மரியாதையோடும் என்று உடனே தொடரும் பாதியைப் பெரும்பாலும் அச்சிடுவதில்லை. இடம் போதாது என்று நான்தான் ஒருமுறை வெட்டினேன்.

இதையெல்லாம் ஏன் உங்களிடம் சொல்கிறேன்? நாங்கள் தனியாக விடப்பட்டால் இப்படித்தான் ஆவோம் என்பதால். அது எங்கள் குழுவின் குறை மட்டும் இல்லை. பழங்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியனைப் பாருங்கள். 197 வாக்கில் கிறிஸ்தவர்களுக்காக உரோமை அதிகாரிகளிடம் அவர் வாதாடியது போல லத்தீனில் அதுவரை யாரும் வாதாடியதில்லை. மறைசாட்சிகளின் இரத்தம் வித்து என்று இன்றும் நாம் சொல்வது அவரிடமிருந்து வந்ததுதான். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அதே மனிதர் கடும் ஒழுக்கம் பேசிய மொந்தானுஸ் கூட்டத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார். விபசாரப் பாவத்துக்கும் மன்னிப்பு உண்டு என்று ஒரு ஆயர் அறிவித்ததைக் கேலி செய்து எழுதினார். திருச்சபையைக் காக்கப் புறப்பட்ட பேனா கடைசியில் திருச்சபை ரொம்ப இளகிவிட்டது என்று சொல்லத் திரும்பியது. அவருக்கு அறிவு குறைவா? இல்லை. தினமும் எதிராளியோடு மோதிக்கொண்டே இருப்பவனுக்குக் கொஞ்ச காலத்தில் எல்லாரும் எதிராளியாகத் தெரிய ஆரம்பிப்பார்கள். எனக்கே தெரிந்திருக்கிறது, அதனால் சொல்கிறேன். எங்களைப் போன்றவர்களில் ஒரு பகுதியினர் இப்போது பிற சபையாரை விட்டுவிட்டுத் திருத்தந்தையைத் திருத்தக் கிளம்பியிருக்கிறார்கள். எங்கள் குழுவிலிருந்தும் ஒருவர் அந்த வழியில் போனார். நல்ல வாசிப்பு உள்ளவர். எங்களில் யாராலும் அவரைத் தடுக்க முடியவில்லை, ஏனென்றால் அவர் சொல்வதற்கு மேல் சொல்ல அதிகாரம் உள்ளவர் யாரும் எங்கள் அறையில் இல்லை.

இதற்கு நேர்மாறான கதை கொரியாவில் நடந்தது. அங்கே திருச்சபையைத் தொடங்கியதே பொதுநிலையினர்தான். நூல்கள் வழியாக விசுவாசத்தை அறிந்தவர்கள், தங்களில் ஒருவரான யி சுங்ஹுன் என்பவரைப் பெய்ஜிங் அனுப்ப, அவர் 1784-ல் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பி மற்றவர்களுக்கும் கொடுத்தார். குருக்கள் இல்லை. என்ன செய்வது? தங்களுக்குள்ளேயே சிலரைக் குருக்களாக நியமித்துப் பாவசங்கீர்த்தனம் கேட்டார்கள், பூசையும் வைத்தார்கள். ஆர்வக்கோளாறுதான், ஆனால் கெட்ட எண்ணம் இல்லை. கொஞ்ச நாளில் அவர்களுக்கே சந்தேகம் வந்தது. இது சரிதானா என்று பெய்ஜிங் ஆயருக்கு எழுதிக் கேட்டார்கள். 1790-ல் பதில் வந்தது: கூடாது. உடனே நிறுத்தினார்கள். குருவை அனுப்புங்கள் என்று கேட்டுக் காத்திருந்தார்கள். 1795-இன் தொடக்கத்தில் சீனக் குருவான ஷோ வென்மோ தலைநகருக்குள் வந்து சேர்ந்தபோது ஏறக்குறைய 4,000 கத்தோலிக்கர்கள் அங்கே இருந்தார்கள்.

கூடாது என்ற பதில் வந்ததும் இரண்டாகப் பிளந்து ஒரு கூட்டம் தனிச்சபை ஆரம்பித்திருக்கலாம். அப்படி நடக்கவில்லை. இதில் நான் கவனிப்பது இன்னொன்றும் உண்டு: ஆயர் பதில் எழுதினார். அவ்வளவு தூரத்திலிருந்து, முன்பின் பார்த்திராத ஆட்களின் கடிதத்தை வாசித்துப் பதில் எழுதினார்.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். பொதுநிலையினரின் திருத்தூதுப்பணி பற்றிய அதே வத்திக்கான் சங்கத்தின் ஏடு 1965-ல் எங்களுக்கு உரிமையையும் கொடுத்தது, கூடவே ஒரு கட்டையும் போட்டது: முறையான அதிகாரத்தின் ஒப்புதல் இல்லாமல் எந்த முயற்சியும் கத்தோலிக்கம் என்ற பெயரைச் சூட்டிக்கொள்ளக் கூடாது. 1983-இன் திருச்சபைச் சட்டம் 216 அதையே திரும்பச் சொல்கிறது. விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் தொடும் எழுத்துகளைக் கண்காணிப்பது ஆயர்களின் கடமையும் உரிமையும் என்கிறது சட்டம் 823. சமயம் பற்றிய நூலோ பிரசுரமோ அனுமதி இல்லாமல் கோயிலுக்குள் விற்கவோ விநியோகிக்கவோ கூடாது என்கிறது 827. எங்கள் பிரசுரத்துக்கு அனுமதி வாங்க நாங்கள் மூன்று முறை விண்ணப்பித்தோம். முதல் முறை பதிலே இல்லை. இரண்டாம் முறை, பொறுப்பாளர் மாறிவிட்டார் என்றார்கள். மூன்றாம் முறை ஒரு சாமியார் பக்கங்களைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் "போடுங்க, போடுங்க" என்றார். அது எந்த அலுவலகம் என்று நான் சொல்லப்போவதில்லை. எல்லா இடத்திலும் குருக்களுக்கு வேலை அதிகம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த "போடுங்க"வில்தான் அந்த 33,000 அச்சுக்குப் போனது.

முறையாகச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1918-ல் இலண்டனில் தொடங்கிய கத்தோலிக்க எவிடென்ஸ் கில்டில் பெரும்பாலும் பொதுநிலையினர்தான்: எழுத்தர்கள், ஆசிரியர்கள், கடைவேலை செய்பவர்கள். ஹைட் பார்க்கில் மேடை போட்டு நின்று, யார் என்ன கேட்டாலும் பதில் சொன்னார்கள். ஆனால் ஆசைப்பட்டவர் எல்லாம் மேடை ஏற முடியாது. முதலில் பாடம். பிறகு தேர்வு. தேர்வில் ஒருவர் எதிராளியாக நடித்துக் குறுக்குக் கேள்வி போடுவார். எந்தத் தலைப்பில் தேறினாரோ அந்தத் தலைப்பில் மட்டும் பேச அனுமதி. திருத்தந்தையின் வழுவாவரம், அதாவது போதனையில் தவறாத வரம் பற்றிப் பேச அனுமதி பெற்றவர், உத்தரிக்கிற ஸ்தலம் பற்றிக் கேட்டால் தனக்கு அடுத்து நிற்பவரைக் கைகாட்ட வேண்டியதுதான். எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் சொல்ல முடியாத ஆசை. எனக்கு அப்படி ஒரு எல்லை போடப்பட்டிருந்தால் அன்று அந்தத் தாயிடம் பன்னிரண்டு நிமிடம் பேசியிருக்க மாட்டேன்.

சரி, நடைமுறையில் என்ன கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் எங்களைப் போன்ற குழுக்களுக்கென்று ஒரு குருவைக் குறியுங்கள். ஆன்ம இயக்குநர் என்ற பட்டத்தோடு ஆண்டுவிழாவுக்கு மட்டும் வந்து சால்வை வாங்கிப் போகிறவராக வேண்டாம். அச்சுக்குப் போகும் முன் வாசிப்பவராக இருக்க வேண்டும். மாதம் ஒரு மாலை போதும். விவிலியமும் திருச்சபை வரலாறும் படித்த துறவறச் சகோதரி ஒருவர் அந்த வேலையைச் செய்தாலும் எங்களுக்கு நிறைவே, பல சமயம் அவர்கள்தான் இன்னும் கவனமாக வாசிப்பார்கள். குருமடத்தில் கடைசி வருடங்களில் இருக்கும் மாணவர்களை அனுப்புங்கள். மக்கள் என்ன கேட்கிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியும். யாரையும் தந்தை என்று அழைக்காதீர்கள் என்னும் மத்தேயு 23-ஐக் காட்டி, "உங்களை ஏன் ஃபாதர் என்று கூப்பிடுகிறோம்?" என்று முதல் பங்கில் ஒரு சிறுவன் கேட்கும்போது முழிக்க மாட்டார்கள்.

எங்களுக்குத் தேர்வு வையுங்கள். தோற்றால் ஒரு வருடம் எழுதாதே, படி என்று சொல்லுங்கள். சட்டம் 229 எங்களுக்கு இறையறிவு பெறும் உரிமையைக் கொடுக்கிறது, கடமை என்றும் சொல்கிறது. அந்த உரிமையை ஞாயிறு மதியம் பயன்படுத்த வகுப்பு இருந்தால் போதும். வார நாளில் காலை பத்து மணிக்கு வகுப்பு வைத்துவிட்டுப் பொதுநிலையினர் வருவதில்லை என்று வருத்தப்படாதீர்கள்.

எங்கள் வரவு செலவையும் பாருங்கள். நாங்கள் காணிக்கை வாங்குகிறோம். யார் கொடுத்தது, எதற்குப் போனது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். இதுவரை யாரும் கேட்கவில்லை.

தப்பாக எழுதினால் முதலில் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் இன்னும் ஓரிருவரோடு வந்து சொல்லுங்கள். அப்போதும் கேட்காவிட்டால் பலிபீடத்திலிருந்தே அறிவியுங்கள். மத்தேயு 18-இல் ஆண்டவர் சொன்ன வரிசை அதுதானே. சில சாமியார்கள் எங்களைப் பற்றி எங்களிடம் தவிர மற்ற எல்லாரிடமும் குறை சொல்கிறார்கள். அது யாரையும் திருத்தியதாக எனக்குத் தெரியவில்லை.

"வீண் சண்டை" என்று சொல்லும் தந்தையருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். வாதத்தில் வென்று மனிதரை இழந்த நாட்கள் எனக்கு உண்டு. 1833-ல் பாரிஸில் பிரெடரிக் ஒசானாம் என்ற மாணவர் திருச்சபைக்காக விவாதங்களில் வாதாடிக்கொண்டிருந்தார். பழைய பெருமை இருக்கட்டும், உங்கள் திருச்சபை இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று எதிரணி கேட்டது. அவர் அந்தக் கேள்விக்குக் கட்டுரை எழுதி உட்காரவில்லை. தோழர்களோடு விறகைச் சுமந்துகொண்டு ஏழை வீடுகளுக்குப் போனார், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை அப்படித்தான் பிறந்தது. நாங்களும் அந்த இடத்துக்கு வர வேண்டியவர்கள்தான். ஆனால் கேள்வி கேட்கிறவர்கள் நிஜமான மனிதர்கள், சாமி. மாதா படத்தை வீட்டிலிருந்து எடுக்கச் சொல்லி மருமகள் அழுகிறாள் என்று வரும் மாமியாருக்கும், நற்கருணை வெறும் அடையாளம்தான் என்று விடுதி நண்பன் சொன்னதிலிருந்து பூசைக்குப் போகாத பையனுக்கும் யாராவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் நாங்கள் சொல்வோம். நாங்கள் சொல்வது சரியாக இருக்கிறதா என்று நீங்கள் பாருங்கள்.

எங்கள் அடுத்த பிரசுரத்தின் கைப்பிரதியை எங்கள் ஆயரின் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். நற்கருணையைப் பற்றியது, 24 பக்கம். பதினோராம் பக்கத்தில் ஒரு வாக்கியம் எங்களுக்குள்ளேயே தகராறு. ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் 1551-ல் கற்பித்ததை விளக்கும் இடத்தில், "அப்பத்தின் தன்மை மாறிவிடுகிறது" என்று நான் எழுதியிருந்தேன். எங்களில் இளையவள் மறுத்தாள். தன்மை என்றால் படிப்பவர் நிறம், மணம், சுவை என்றுதானே எடுத்துக்கொள்வார், அவை மாறுவதில்லையே, மாறுவது உட்பொருள் அல்லவா என்கிறாள். அவள் சொல்வதுதான் சரி என்று இப்போது எனக்கும் படுகிறது. ஆனாலும் உங்களில் ஒருவர் சொல்லும்வரை அச்சுக்குக் கொடுப்பதாக இல்லை.

பக்கத்தின் இரு புறமும் மூன்று விரல் அகலம் ஓரம் விட்டு அச்செடுத்திருக்கிறோம். என்ன மையில் எழுதினாலும் சரி.

கிறிஸ்துவில் உங்கள் பணியாளன்,
ஒரு பொதுநிலையினன்